நீலம் என்று நினைக்கிறேன்

அறுபத்திரண்டு பக்கம்.
வக்கீல் துல்லியா எழுதி முடித்து
என்னையும் படிக்கச் சொன்னார்.
"சட்டம் தெரியாத ஒருத்தர் படித்தால்தான்
எங்கே தூக்கம் வருகிறதென்று தெரியும்."
எனக்கு எங்கேயும் வரவில்லை.

முதல் நீதிமன்றம் நெவியோவை விடுவித்தது ஒரு மார்ச் மாதம்.
அன்று போரா அடித்தது. எங்கள் வாடைக்கு அதுதான் பெயர்.
திரியெஸ்தெயில் பிடித்து நடக்கத் தெருவோரம் கயிறு கட்டுவார்கள்.
நாங்கள் கயிற்றைத் தொடாமலே வீடு வந்தோம்.
மத்தி பொரித்தேன். நடுமுள்ளையும் மென்று தின்றான்.

பதினான்கு மாதம்.
வாசல் மணியை யார் அழுத்தினாலும்
தபால்காரர்தான் என்று நம்புமளவுக்குத் தேறியிருந்தோம்.

பிறகு அதே கட்டடம், ஒரு மாடி மேலே, மூன்று பேர்.
(அந்த லிஃப்டை நெவியோவே ஒருமுறை
பழுது பார்த்திருக்கிறான்.)
புதிய சாட்சி இல்லை, புதிய தடயம் இல்லை.
பழைய தாள்களைப் புரட்டினார்கள்.
இருபத்தொரு ஆண்டு.

எல்லாம் ஒரு மேற்சட்டையில் நிற்கிறது.
புகையிலைக் கடை இவானோ மாடிப்படியில்
ஒரு முதுகைப் பார்த்தார்.
என்ன நிறம் என்று கேட்டபோது
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
கூரையைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார்.
நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், ஒன்பது வரை.
அப்புறம்தான்,
"நீலம்... என்று நினைக்கிறேன்."
சுருக்கெழுத்துப் பெண் நேர்மையானவள்,
மூன்று புள்ளி வைத்தாள்.
மேல் நீதிமன்றத் தீர்ப்பில் அது வெறும் நீலம்.
அருகில் ஒரே ஒரு புள்ளி.

விடுவித்தவனைத் தண்டிக்க வேண்டுமானால்
சாட்சியைத் திரும்பக் கூப்பிடு, அவர் குரலைக் கேள்,
தாளுக்குத் தொண்டை கிடையாது
என்கிறார் துல்லியா.
ரோமில் இதைத்தான் முறையிடப் போகிறோம்.
அவன் செய்தானா இல்லையா என்று
அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

மிரெல்லா மூன்றாம் மாடியில் இருந்தாள்.
அவள் காயப்போடும் துணி எங்கள் சன்னலில் சொட்டும்.
அதற்காக நானும் கத்தியிருக்கிறேன்.
அவள் தம்பி ஒவ்வொரு விசாரணைக்கும்
ஒரே பழுப்பு டையில் வருவார்.
விடுதலை என்றபோது விளக்கணைக்கும் வரை எழுந்திருக்கவில்லை.
இருபத்தொன்று என்றபோது உடனே எழுந்துகொண்டார்.
முகம் மட்டும் இரண்டு நாளும் ஒன்றுதான்.

ரோம் முடிவு சொல்லும்வரை நெவியோ வெளியில்.
வீட்டில் பழுதென்று எதையும் விட்டுவைக்கவில்லை.
துணி துவைக்கும் இயந்திரம், கதவுக் கீல்,
எனக்குக் கை எட்டாத பல்பை இறக்கி
எட்டும் உயரத்தில் மாட்டியிருக்கிறான்.
கூடத்தில் ஒரு பெட்டி, பாதி நிறைந்து.
வேலைக்குச் சட்டை வேண்டுமென்றால்
அதிலிருந்துதான் எடுக்கிறோம்.

நேற்று இரவு கேட்டேன்.
ஐந்து வருடத்தில் முதல் தடவை.
அவன் எனக்கு முதுகு காட்டிப்
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.
குழாயை மூடினான்.
"இல்லை" என்றான்.
குழாய்க்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவில்
நான் எண்ணியிருக்கக் கூடாது.

தயங்கிச் சொன்ன சொல்லில் உறுதி இல்லை என்றுதான்
அறுபத்திரண்டு பக்கமும் வாதாடுகிறது.
பென்சிலால் நானே அடிக்கோடிட்டிருக்கிறேன்.

சந்தேகத்தின் பலன் எதிரிக்கு என்பார்கள்.
எதிரி என் பக்கத்தில் படுத்திருந்தான்,
போர்வையில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு பிழை.
பதினேழாம் தேதி என்றிருக்க வேண்டும்.
வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.
தாக்கல் செய்ய வெள்ளிக்கிழமை கடைசி நாள்.